இரண்டு லேயரில் ஒரு அம்மா

1

இந்தக் கதை என் நாத்தனாருடையது. துணி மடித்தபடி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டியபடியே மனசுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு அதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். "யாரு பேரும் போடாதீங்க அண்ணி" என்றாள். போடவில்லை.

அவள் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் படங்களைச் சேர்த்து ஒட்டுகிறவள். கடையில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பட்டம்.

2

'திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு'

(விட்டுவிட்டேன். பகலில் கதவைத் திறந்துபோட்டு வேலை செய்கிறவளுக்கு நீல வெளிச்சம் எங்கிருந்து வரும்?)

நடந்தது இதுதான். ஒரு காலை வயதான அம்மா ஒருவர் கடைக்கு வந்தார்.

"எனக்கு ரெண்டு பசங்க. ஒருத்தன் இருக்கிற எடத்துக்கு இன்னொருத்தன் வரமாட்டான். நான் நடுவுல உட்கார்ந்து, மூணு பேரும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும்."

"தனித்தனியா கூட்டிட்டு வாங்கம்மா. நான் சேர்த்துடறேன்."

(என்ன சண்டை? சொத்து என்று எழுதி அடித்தேன். யாரோ யாரையோ ஒரு கல்யாணத்துக்கு அழைக்கவில்லையாம். அதற்குமேல் நாத்தனாருக்கும் தெரியாது.)

3

திங்கட்கிழமை பெரியவன் வந்து அம்மாவுக்கு வலப்பக்கம் நின்றான். வியாழக்கிழமை சின்னவன் இடப்பக்கம் நின்றான். அதே நாற்காலி, அதே விளக்கு. கேமரா நின்ற இடத்தில்கூட ஒட்டுக்காரி தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் இரண்டு லேயராக, அதாவது இரண்டு அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று போட்டாள். மேல் லேயரைப் பாதி மங்கலாக்கிக் கீழே இருப்பது தெரியும்படி வைத்து நகர்த்தினாள். நாற்காலிக் கால்கள் பொருந்தின. தரைக்கோடுகள் பொருந்தின. அம்மா பொருந்தவில்லை, ஒரே நாற்காலியில் இரண்டு தலை.

பெரியவன் நின்ற அன்று அம்மா இடப்பக்கம் சாய்ந்திருந்தார், சின்னவன் நிற்கவேண்டிய காலி இடத்தை நோக்கி. சின்னவன் நின்ற அன்று வலப்பக்கம், பெரியவனின் காலி இடத்துக்கு.

ஒரு அம்மாவைத்தான் வைக்க முடியும். எதை வைத்தாலும் ஒருவன் பக்கம்தான் சாய்வார்.

4

(ஒட்டுக்காரி இங்கே அழுததாக ஒரு வரி எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "நான் எங்க அண்ணி அழுதேன்? கழுத்து வலிச்சுது, அவ்வளவுதான்.")

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நேராப் பார்க்கிற மாதிரி உங்களை மட்டும் இன்னொன்னு எடுத்துடலாமா?"

அவர் திரையில் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேண்டாம்மா. ரெண்டு விதமாவும் போட்டுக் கொடு. பெரியவன் பக்கம் சாஞ்சிருக்கிறது பெரியவனுக்கு. இன்னொன்னு சின்னவனுக்கு. அவன் வீட்டுக்கு இவன் போறதில்ல, இவன் வீட்டுக்கு அவன் வர்றதில்ல. யாருக்குத் தெரியப்போகுது?"

அப்படியே செய்து கொடுத்தாள்.

5

முடிவு என்று இரண்டு எழுதினேன். ஒன்றில் அம்மா இறந்துபோனார், அது சோம்பேறித்தனம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இன்னொன்றில் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து

(இல்லை.)

நடந்ததை நடந்த இடம்வரை சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்துப் பெரியவன் கடைக்கு வந்தான். பையிலிருந்து சட்டம் போட்ட இரண்டு படங்களையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். தம்பியின் படம் அவன் கைக்கு எப்படி வந்தது என்று ஒட்டுக்காரி கேட்கவில்லை. வாசலில் நின்ற வண்டியில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தது மட்டும் கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது.

"இதுல எதும்மா, நான் நின்னப்போ அம்மா உட்கார்ந்திருந்த விதம்?"

உண்மையைச் சொன்னால், அவன் பக்கத்தில் நின்றபோது அம்மா தம்பிக்காகச் சாய்ந்தார் என்றாகும். கூடவே, அவன் வராத நாளில் அவனுக்காகச் சாய்ந்தார் என்றும்.

நாத்தனார் ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாளாம். எந்தப் படம் என்று என்னிடம் சொன்னாள். நான் எழுதப்போவதில்லை. அவன் இன்னும் மேசைக்கு எதிரே நிற்கிறான், உங்களைத்தான் கேட்கிறான்.