மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் டீ

சாய்பாபா காலனியில் ரூத் வீட்டு ஹாலில் சனிக்கிழமைதோறும் கூடுகிற யூத சபையில் மொத்தம் பதினோரு பேர், இரண்டு கைக்குழந்தைகளையும் சேர்த்து. முறையான பொதுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். இவர்களிடம் நான்கு பேர்தான் இருந்தார்கள். மீதி ஆறு பேர் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று தர்மத்தைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தத் தர்மத்துக்கு ஒரு விதி. கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியக்கூடாது. வாங்குபவருக்கும் கொடுப்பவர் யாரென்று தெரியக்கூடாது. சபையார் அரிசியும் பருப்பும் எண்ணெயும் பையில் கட்டி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பை அந்தந்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் மனோஜ்குமார். தேவைப்பட்ட வீடுகளைக் கண்டுபிடித்ததும் அவன்தான், பையை வைத்து, பெல் அடித்து, ஓடி வருவதும் அவன்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ரூத்தோடு படித்தவன், சொந்தமாக ஆம்னி வேன் வைத்திருப்பவன் என்பதால் இந்த நாற்பது வயதில் அவனுக்கு இந்த வேலை கிடைத்தது. அவன் பிழைப்பு ஃபிளெக்ஸ் பேனர் கடை என்பதையும் ரூத் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பட்டியலில் கடைசி வீடு, பெரியநாயக்கன்பாளையம் சென்னியப்பனுடையது. மூன்று லேத்து ஓட்டி எட்டுப் பேருக்கு வேலை கொடுத்தவர். ஆர்டர் நின்றது, லேத்துகள் ஒவ்வொன்றாகப் போயின, இப்போது பட்டறையில் பெயர்ப்பலகை மட்டும் இருந்தது. மனோஜ் கடை திறந்தபோது முதல் பேனர் அடித்தது அவருக்குத்தான். எங்கே பார்த்தாலும், "வா கண்ணு, டீ சாப்புட்டுப் போ" என்பார்.

சபை இந்த வேலையைத் தொடங்கி ஐந்து வருடம் ஆனபோது மனோஜுக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் காதுகுத்துக்கே நாற்பதடி பேனர் கட்டுகிறார்கள். அஞ்சு வருசமாய் அரிசி கொடுக்கிறவர்களுக்கு ஒரு பத்துக்கு எட்டடி பேனர்கூடவா இல்லை? பேனருக்கு ஒரு போட்டோ தேவைப்பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பெல் அடித்துவிட்டு வேனுக்குள் பதுங்கி, சென்னியப்பன் குனிந்து பையை எடுப்பதைப் படம் பிடித்தான். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கினான். சட்டைக் கிழிசலைக்கூட அழித்துக் கொடுத்தான். கீழே, 'யூத சபையின் உதவியால் வாழும் பயனாளி' என்று போட்டான். 'வாழும்' என்ற சொல் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை அவர் ஊர் பஸ் ஸ்டாப்பில் கட்டினான். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள், ரூத் வண்டி ஏறமாட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினான். அதற்குள் மேட்டுப்பாளையம் பஸ்களெல்லாம் ஒரு முழுநாள் பார்த்துவிட்டிருந்தன.

"எப்படி?" என்றான்.

ரூத் பேனரையே பார்த்தாள். "இந்த அண்ணன் எங்க பம்பு கம்பெனிக்கு லேத்துல புஷ் கடஞ்சு குடுத்தவருடா."

"பதினோரு பேரு நல்லது பண்ணுறீங்க, ஒருத்தனுக்கும் தெரியலையேன்னு..."

"தெரியக்கூடாதுன்னுதானடா பண்ணுறோம், எரும. கத்தி வெச்சிருக்கியா? குடு, நானே அறுக்கறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை வைத்த பை சென்னியப்பன் வாசலில் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரம் அதன் பக்கத்தில் இன்னொரு பை சேர்ந்தது.

மனோஜ் ரூத்திடம் போனான். "உங்க சாமிகிட்ட எனக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுப்போடு ரூத்து."

"அது நடக்காதுடா. சாமிக்குப் பண்ணுன தப்பத்தான் சாமி மன்னிக்கும். மனுசனுக்குப் பண்ணுனத அந்த மனுசன்தான் மன்னிக்கோணும். நேர்ல போயி மூணு தடவ கேளு. அப்பவும் மன்னிக்கலீன்னா, பாரம் உன்னுது இல்ல. அப்படித்தான் எங்க சட்டம்."

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததில்லை.

முதல் தடவை போனபோது சென்னியப்பன் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார், உக்காருங்க."

சார்! கன்னத்தில் ஒன்று விழுந்தாலும் தாங்கிக்கொள்வது என்று மனோஜ் தயாராக வந்திருந்தான். இதற்குத் தயாராக வரவில்லை.

"அண்ணா, அந்த பேனரு... தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"எந்த பேனருங்க?"

"உங்க போட்டோ போட்டு, பஸ் ஸ்டாப்புல..."

"நம்ம மூஞ்சிய ஆருங்க சார் பேனர்ல போடப்போறாங்க? அம்மணி, சாருக்கு டீ கொண்டா."

அவர் மனைவி கருப்பாத்தாள் கொண்டுவந்த டீ, பால் தாராளமாக விட்டுக் கெட்டியாக இருந்தது. அவள் இவன் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது தடவை பையைப் பற்றிப் பேசினான். "எந்தப் பைங்க?" என்றார் சென்னியப்பன். பிறகு கால் மணி நேரம் மழையைப் பற்றி, மரியாதையாக, விவரமாகப் பேசினார். டீ கொஞ்சம் நீர்த்திருந்தது. திரும்பும் வழியில், துடியலூர் சிக்னலில்தான் மனோஜுக்கு உறைத்தது. மன்னிக்க வேண்டுமென்றால் அந்த மனிதர் முதலில், 'ஆமாம், அந்தப் பையை நான்தான் எடுத்தேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தடவை அவன் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, ரண்டு வார்த்த திட்டிப்போடுங்க. நான் போயிர்றேன்."

சென்னியப்பன் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "உங்களத் திட்டறதுக்கு நானாருங்க சார்?" என்றார். பிறகு, "டீ ஆறுதுங்க" என்றார்.

இந்தத் தடவை டீயில் பால் இல்லை. மனோஜ் கடைசிச் சொட்டு வரை குடித்தான். சென்னியப்பன் கேட் வரை வந்து, வேன் திரும்புகிற வரைக்கும் நின்று வழியனுப்பினார்.

மெயின் ரோட்டுக்கு வந்து ரூத்துக்குப் போன் போட்டான்.

"மூணும் ஆச்சா? அப்பச் சட்டப்படி முடிஞ்சுதுடா."

"நாலாவது தடவ போகக்கூடாதுன்னு இருக்குதா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லுல. டீ குடுத்தாரு. பால் இல்லாம."

"போன தடவ?" என்றாள்.

"தண்ணியா இருந்துச்சு. மொதத் தடவ நல்ல கெட்டி."

"பைய எடுக்காத வீட்டுல உனக்கு டீ போடறாங்கடா. இனி அங்க போகாத மனோஜு" என்றாள் ரூத்.