மழையில்லாமல் நிறைந்த குளம்

தாணுலிங்கத்தின் மனைவி ஆனந்தவல்லி கருவுற்ற மாதத்திலேயே, ஒரு சொட்டு மழையில்லாமல், குன்னத்துகால் ஊரில் அவர்கள் வீட்டுக் குளம் ஏறத் தொடங்கியது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தாறு, மேட மாத வெயிலில் ஊர்க் கிணறுகளெல்லாம் சேறு காட்டிக்கொண்டிருந்தன. இந்தக் குளத்தில் மட்டும் படிப்படியாக நீர் மேலே வந்தது. நீரில் மெல்லிய அலை ஓயாமல் அடித்தது. ஆனந்தவல்லியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள் அலையும் நாடியும் ஒரே கதி என்றார்கள். மாதம் ஏற ஏற இரண்டும் விரைந்தன. அவள் மல்லாந்து படுத்தால் குளம் கலங்கும், இடப்பக்கம் சரிந்தால் தெளியும். துவைக்க வந்த பெண்கள் படி முங்கியதற்கு முணுமுணுத்துவிட்டு அடுத்த படியில் உட்கார்ந்து துவைத்தார்கள்.

தாணுலிங்கத்துக்குத்தான் உறக்கம் போயிற்று. அவர் அக்கா மரகதவல்லி பிரசவத்தில் உதிரம் நில்லாமல் போய்ச் சேர்ந்தவள். அவரோ குளம், கால்வாய் பார்க்கிற நெய்யாற்றின்கரை மராமத்துக் கச்சேரியில் குமஸ்தா. குளம் நிறைந்தால் கரை உடையுமுன் மடையைத் திறக்க உத்தரவு எழுதியே கை பழகியவர். மனைவி உடம்பிலும் குளம் போலவே ரத்தம் ஏறினால் தாங்குமா என்று பயந்து, அட்டை விட்டு உறிஞ்சவைக்க வைத்தியர் பரமசிவனைக் கூட்டிவந்துவிட்டார். வைத்தியர் அட்டைக் கலயத்தைத் திறந்ததும் ஆனந்தவல்லி வீங்கிய காலை இழுத்துக்கொண்டாள்.

"கொளம் நெறஞ்சா மடையத் தொறக்கதுதான் உங்களுக்குத் தெரியும். இது பிள்ளைக்கு உள்ள ரெத்தமாக்கும். ஒரு சொட்டு தரமாட்டேன்."

"அக்கா போனது போல நீயும் போயிட்டா நான் என்ன செய்யது, வல்லி?" என்றார் தாணுலிங்கம்.

"அக்காளுக்குப் பத்தாமப் போச்சு. எனக்கு நெறைய உண்டு."

தாணுலிங்கம் வைத்தியருக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பிவைத்தார்.

பத்தாம் மாதமான மகரத்தில் ஒரு காலையில் பிள்ளையின் அழுகை கேட்டது. அந்தக் கணமே குளம் இறங்கத் தொடங்கியது. உள்ளே துணி மேல் துணியாக உதிரத்தில் நனைகிறது என்று மருத்துவச்சி குரல் கொடுத்தாள். மடை அடைத்தபடியேதான் இருந்தது. முங்கியிருந்த படிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துத் தாணுலிங்கம் கரையில் நின்றார். ஏறிய நீரெல்லாம் போயிற்று. பழைய பாசிக்கோட்டுக்கு வந்ததும், அதற்குக் கீழே ஒரு விரல்கடைகூட இறங்காமல் நின்றது. உள்ளே ஆனந்தவல்லி கஞ்சி கேட்கும் சத்தம் வந்தது. கோயிலிலேயே அவசரமாகக் கும்பிட்டு ஓடுகிற மனிதர், ஈரப் படியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நல்லா இரு, நல்லா இரு" என்று தண்ணீரிடம் அழுதார். பிறந்தது பெண். அக்கா பெயரையே வைத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்துக் குளம் மறுபடி ஏறியபோது, துவைக்க வந்தவர்கள் வீட்டுக்காரர்களுக்கு முன்பே விஷயம் அறிந்து மேல் படிக்கு மாறினார்கள். தாணுலிங்கம் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுத்துக் குளக்கரையை ஒரு முழம் உயர்த்தினார்.