கடைசிப் பக்கத்து வெயில்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரே ஒரு சூரியனாம். ஒரு மார்கழியில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன் தை பிறந்தும் வரவில்லை, சித்திரை பிறந்தும் வரவில்லை. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு புகைப்படப் புத்தகம் வாங்கத் தொடங்கினார்கள்.

ஊருக்குப் பெயர் ஈரக்கோடு. அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மைமூனின் கடை இருந்தது. பெரிய அளவில், வழவழப்பான தாளில், கெட்டி அட்டை போட்ட கலைப் புகைப்படப் புத்தகங்கள் மட்டும்தான் அங்கே கிடைக்கும். பத்திரிகைப் படங்களில் வெயில் நிற்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது பல்பு வெளிச்சம், தலைவலியைத்தான் கொடுக்கும். கலைஞர்கள் காத்திருந்து எடுத்த படத்தில்தான் வெயில் தங்கியிருக்கிறது. புத்தகத்தைத் திறந்து பிடித்தால் படத்துக்குள் இருக்கும் வெயில் எதிரே இருப்பவர் மேல் விழும். தீர்ந்ததும் அந்தப் பக்கம் கறுத்துவிடும். அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

பிடிப்பவர் படத்தைப் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். பார்த்தால் பாதி வெயிலைக் கண் குடித்துவிடும். யார் மேல் விழுகிறதோ அவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதனால் ஈரக்கோட்டில் வீட்டுக்கு வீடு புகைப்படப் புத்தகம் இருந்தது, ஒரு படத்தையும் யாரும் பார்த்ததில்லை.

வெயில் படாதவர்கள் மேல் பாசி படியும். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், இடுப்பு என்று அது ஏறும். தொண்டைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றவர்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. மதிலோரம் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் அவர்கள் தோளில் சின்ன வெள்ளைப் பூக்கூடப் பூக்கும்.

அருளப்பனின் மனைவி சவுரியம்மாளுக்குப் பாசி காறை எலும்புவரை வந்திருந்தது.

அருளப்பன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைமூன் கடைக்குப் போனார். அங்கே மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ குடுத்த பாலைவனப் புத்தகத்துல மிளகாய் என்னமோ சருகாக் காஞ்சுது. ஆனா குடோன் முழுக்க மணலு. யாரு கூட்டறது?"

"பாலைவனம்னா மணல் இருக்கும்னு நான் தனியா வேற சொல்லணுமா?" என்றாள் மைமூன். "கடலோரப் புத்தகம் தரேன்னேன். உப்புக் கரிக்கும்னு நீங்கதான வேணாம்னீங்க."

மண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மைமூன் அருளப்பனைப் பார்த்தாள்.

"அண்ணிக்கு எது வரைக்கும்ணே?"

அருளப்பன் தன் காறை எலும்பைத் தொட்டுக் காட்டினார். மைமூன் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"இது பனி தேசத்துப் புத்தகம். வெளிச்சம் கண்ணப் பறிக்கும், ஆனா ரெண்டு கம்பளி சேத்து வாங்கணும். அண்ணிக்கு வேணாம். இது கறுப்பு வெள்ளை. பெரிய மேதை எடுத்தது, தாளும் அருமையான தாளு. ஆனா டெய்லர் வாங்கிட்டுப் போயி இப்ப அவருக்குச் சிவப்பு நூலும் பச்சை நூலும் ஒண்ணாத் தெரியுது. இது மேசைல பழங்கள அடுக்கி வச்சு எடுத்தது. இடப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். மாம்பழம் பழுக்க வைக்க வாங்கலாம். மனுசங்களுக்கு ஒரு கன்னம்தான் காயும்."

"அது என்ன, சாம்பல் அட்டை?"

"மூடுபனிப் புத்தகம். உலகமெல்லாம் பரிசு வாங்குச்சு. நம்ம ஊர்ல எவன் வாங்குவான்?"

கடைசியாகக் கீழ்த்தட்டிலிருந்து துணி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தாள். ஈரக் கைக்குட்டையை ஒரு கையில் தொங்கவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறு கையால் புத்தகத்தை லேசாகத் திறந்து மூடினாள். கைக்குட்டை விறைத்து அப்பளமாக நின்றது.

"வாங்கறதுன்னா இத வாங்குங்கண்ணே. ஒரே பொம்பள, ஒரே வீடு. அவ வீட்டுக்காரர் காலமெல்லாம் அவளையே எடுத்திருக்காரு. பின்னட்டைல போட்டிருக்கு. வீட்டு வெயில் உடம்புக்குச் சீக்கிரம் சேரும். இனிமே இத அச்சடிக்க மாட்டாங்களாம்."

அருளப்பன் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாளிலிருந்து காலைக் காப்பிக்குப் பிறகு ஒரு பக்கம். சவுரியம்மாள் நாற்காலியில் உட்காருவாள். அருளப்பன் எதிரே நின்று புத்தகத்தை அவள் பக்கமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பார். பாசி பொரிந்து உதிரும் சத்தம் கேட்கும். முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டி வாரிக் கொட்டுவார். காறை எலும்பிலிருந்த பாசி மார்புக்கு இறங்கியது, மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. கை விரல்கள் பழையபடி மடங்கின. ஒருநாள் அவளே வெங்காயம் நறுக்கினாள்.

ஆனால் அவள் கண்ணை மூடுவதில்லை.

"இன்னிக்கு மாடில தலை காய வைக்கிறா" என்றாள் ஒருநாள்.

"யாரு?"

"புத்தகத்துல இருக்கறவ. நல்ல முடி. என்ன எண்ணெயோ."

"கண்ண மூடுன்னு சொன்னேன்ல."

"எல்லாத்தையும் மூடிக்கிட்டு உக்காரத்தான் இந்த ஊரே இருக்கே. நீங்க காலண்டரப் பாருங்க."

அருளப்பன் காலண்டரைப் பார்த்தார்.

அதன் பிறகு சவுரியம்மாள் தினமும் சொன்னாள். இன்றைக்குத் துணி உலர்த்துகிறாள். இன்றைக்குப் பட்டாணி உரிக்கிறாள், பக்கத்தில் ஒரு பூனை. இன்றைக்கு அவளுக்கு வயிறு பெரிதாக இருக்கிறது. இன்றைக்கு வயிறு இல்லை, தொட்டிலும் இல்லை, சும்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று சவுரியம்மாள் மதியம் சாப்பிடவில்லை.

புத்தகம் பாதியைத் தாண்டியதும் வேறு மாதிரி சொல்லத் தொடங்கினாள்.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா."

"குளிர்காலமா இருக்கும்."

"ஜன்னல்கிட்ட நின்னு வெளிய எட்டிப் பாக்கறா. எதையோ தேடற மாதிரி."

"பூனையத் தேடுவா."

"இல்லங்க. முன்பக்கமெல்லாம் கறுத்துட்டு வருதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு." முன்னால் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "கணுக்கால்ல பச்சையா ஏதோ இருக்கு."

"காலுறை" என்றார் அருளப்பன்.

பக்கங்கள் குறையக் குறைய அவர் இடைவெளி விட்டுத் திறந்தார். இடைவெளியில் பாசி மறுபடியும் ஏறியது. இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தபோது அது பழைய இடத்திலேயே, காறை எலும்பில் வந்து நின்றது.

அருளப்பன் புத்தகத்தை எடுத்தார். சவுரியம்மாள் கையை நீட்டி அட்டையை அழுத்திப் பிடித்தாள்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"இது அவளோட கடைசி ஜன்னல். அவளுக்கு இருக்கட்டும்."

"அவ படம், சவுரி. நீ என் பொண்டாட்டி."

"அவளும் யாரோ ஒருத்தருக்குப் பொண்டாட்டிதான்."

"நீ போயிட்டா நான் என்ன செய்யறது?"

"எங்க போகப் போறேன்? மதிலோரம்தான நிக்கப் போறேன். காலைல பால் வாங்கப் போறப்ப பாத்துட்டுப் போங்க."

"பாக்கலாம். நீ பேச மாட்டியே."

"இப்ப மட்டும் நான் பேசறத உக்காந்து கேக்கறீங்களாக்கும்."

அருளப்பன் புத்தகத்தை அலமாரியில் வைத்தார். கடைக்குப் போய்க் கேட்டார். வீட்டு வெயில் இனி வராது என்றாள் மைமூன். பழப் புத்தகத்தை வாங்கி வந்து பிடித்துப் பார்த்தார்; அது இடது கன்னத்தை மட்டும் காய வைத்துவிட்டுத் தீர்ந்துபோனது. பாசி தொண்டைக் குழியைத் தொட்டது. சவுரியம்மாளின் குரல் ஈரத் துணிக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து மதிலில் இடம் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர்க் குழாயருகே நிறுத்தினால் வசதி என்றார்கள்.

அன்று மதியம் அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அருளப்பன் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் பக்கமாகப் பிடித்தார். காலண்டரைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் மிச்ச வெயில் முழுவதும் இருந்திருக்கிறது. அறை மஞ்சளாகி, வெள்ளையாகி, காலண்டரின் தேதிகள் வெளுத்துப்போயின. பாசி வாழை மட்டை போல முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது. அவர் கூட்டி வாரி வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சவுரியம்மாள் எழுந்து தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தாள். கடைசிப் பக்கம் கறுத்திருந்தது. அதற்கு முந்தைய பக்கம், அதற்கும் முந்தைய பக்கம் என்று முதல் பக்கம் வரை திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். தொண்டையில் பாசி இல்லை. இருந்தும் அன்று முழுவதும் அவள் பேசவில்லை.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. அருளப்பன் திறந்தார். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது. முழங்கை வரை பாசி. காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வேறு ஏதோ பாஷையில் பேசினாள். சவுரியம்மாளுக்குப் புரிந்தது.

"என்ன சொல்றா?"

"அடுப்புப் பக்கத்துல உக்காரலாமான்னு கேக்கறா. நகருங்க, வழிய மறிச்சுக்கிட்டு."

சவுரியம்மாள் அவளை உட்கார வைத்துத் தலை துவட்டிக் காப்பி கொடுத்தாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள், ஒருத்தி அவள் பாஷையில், ஒருத்தி தமிழில். நடுவில் ஒருமுறை சிரித்தார்கள். தன்னைப் பற்றியாக இருக்கும் என்று அருளப்பன் நினைத்துக்கொண்டார்.

"அவங்க வீட்டுல போட்ட துணி காயவே இல்லையாம்" என்று சவுரியம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள். "வீட்டுக்காரர் இருட்டுல கையால துழாவிக் கேமராவத் தேடிட்டிருக்காராம். பூனை போன இடம் தெரியலயாம்."

அருளப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு மைமூன் கடைக்கு ஓடினார்.

"ஒரு புத்தகம் குடு தங்கச்சி. எதுவானாலும் சரி. கடலோரம், பாலைவனம்."

"யாருக்குண்ணே?"

சொன்னார். மைமூன் தலையை ஆட்டினாள்.

"படத்துலேருந்து வந்தவங்களுக்கு வேற படத்து வெயில் ஏறாது. அவங்க வெயிலேதான் வேணும்."

"அது தீந்துபோச்சே."

"வெயில் எங்கண்ணே தீரும்? விழுந்த எடத்துல இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

அருளப்பன் வீட்டுக்கு வந்தார். தோளில் கிடந்த ஈரத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அலமாரியருகே துண்டு ஈரமாகவே இருந்தது. நாற்காலியருகேயும் அப்படியே. சவுரியம்மாள் டம்ளரைக் கழுவி வைக்க அவரைத் தாண்டிப் போனாள். துண்டு விறைத்து நின்றது. அவர் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மறைக்க வேணாம்" என்றாள் சவுரியம்மாள். "எனக்கு நேத்தே தெரியும். எம் மேல எண்ணெய் தேச்ச மாதிரி இருக்கு."

துணிப்பையில் இரண்டு புடவையும் ஒரு சீப்பும் வைத்தாள். பட்டாணி உரிக்க ஒரு சின்னத் தட்டும் எடுத்துக்கொண்டாள்.

"எங்க?"

"கொண்டுபோய்க் குடுக்கணும்ல. அடுத்தவங்க பாத்திரத்த வீட்டுல வச்சுக்கறதில்லயே நாம."

"குடுத்துட்டு எப்ப வருவ?"

"குடுத்த பொறவு என்கிட்ட ஏது வெயிலு, வழி தெரிய?"

"இதுக்கா நான் நின்னு புடிச்சேன்?"

சவுரியம்மாள் அவர் சட்டையில் தப்பாகப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அந்த இடம் சூடாக இருந்தது.

"நல்லாத்தான் புடிச்சீங்க" என்றாள். "ஒருதடவ திரும்பிப் பாத்திருக்கலாம். டிகாஷன் இருக்கு. ராத்திரிக்கு அரிசி ஊற வச்சிருக்கேன்."

இருவரும் கிளம்பினார்கள். சவுரியம்மாள் அந்தப் பெண்ணின் பாசி படிந்த கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் தாண்டிப் போகும் இடமெல்லாம் தெருவில் வெயில் அடித்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் தலையணையையும் வடகத் துணியையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விரித்து, அவள் தாண்டியதும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை.

அருளப்பன் வாசலில் நின்று பார்த்தார். அவர்கள் தெருக்கோடியை அடைந்தபோது வெயில் அங்கிருந்து நேராக வந்து அவர் மேல் விழுந்தது. அவருக்குப் பின்னால் கூடம் நெடுக ஒரு நிழல் நீண்டது. அது கொஞ்ச நேரம் தரையில் அசையாமல் கிடந்தது. பிறகு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கதவருகே வந்து தொண்டையைக் கனைத்தது. அருளப்பன் ஒதுங்கி வழிவிட்டார். நிழல் படி இறங்கி, அவர்கள் போன பக்கமாக நடந்து போயிற்று.