வீங்காத கை

என் கை வீங்கியது. இந்த வீட்டில் நான் செய்த குற்றம் அதுதான்.

தம்பி ஜெயப்பிரகாஷுக்கு டிபி என்று தெரிந்து மாத்திரை தொடங்கியதும், வீட்டிலிருந்த எனக்கும் அவன் பெண்டாட்டி சுலோசனாவுக்கும் நோய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஒரு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வந்து காட்டச் சொன்னார்கள். அதற்குள் என் கையில் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து தடித்துவிட்டது. உப்பளத்தில் உப்பு வாரும் பலகையைப் பிடித்தால் எரிந்தது. சுலோசனாவின் கையில் ஊசி போட்ட இடமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியசெல்வி என் கையை அளந்து பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

"அமராவதிக்கா, ஒங்க ஒடம்பு அந்தக் கிருமிய முன்னாடியே பாத்திருக்குது. இப்ப அடையாளம் கண்டுகிட்டு சண்டைக்கு வந்துடுச்சு, அதான் வீக்கம். எக்ஸ்ரே நல்லா இருக்குது. கிருமி உள்ள இருந்தாலும் சுத்தி வரப்பு கட்டி அடைச்சு வெச்சிருக்குது ஒடம்பு. ஒங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது."

"வரப்பு ஒடைஞ்சா?"

"ஒடையாம இருக்கத்தான் மாத்திரை தர்றேன். ஒழுங்கா போடுங்க."

பிறகு சுலோசனாவைப் பார்த்தார். "கை வீங்கலேன்னா நோய் இல்லேன்னு சொல்ல முடியாதும்மா. ஒடம்பு ரொம்ப நொந்து போனா சண்டை போடத் தெம்பு இருக்காது, கை சும்மா கெடக்கும். பிரசவத்துக்கு அப்புறம் ரொம்ப எளைச்சிருக்க. நீயும் எக்ஸ்ரே எடுத்துடு. கொழந்தைக்கு நோய் வராம இருக்க இந்த மாத்திரைய கரைச்சுக் குடு."

அவளும் தலையை ஆட்டினாள். காதில் எது விழுந்ததோ, வெளியே வந்ததும் "எனக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டாங்கம்மா, அண்ணிக்குத்தான் கை வீங்கிடுச்சு" என்று அவள் அம்மாவுக்கு போன் போட்டாள். எக்ஸ்ரே எடுக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. அது போகட்டும். குழந்தை தமிழ்நிலாவைத் தூக்கப் போனால், "அண்ணி, தொடாதீங்க" என்றாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு கிடப்பவள் நான். எனக்கு அந்தக் குழந்தையை விட்டால் யார் இருக்கிறார்கள்? தெருவே கேட்கிற மாதிரி சண்டை போட்டேன். தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "கொஞ்ச நாளைக்கு விட்டுடேன்க்கா" என்றான். பெண்டாட்டிக்குப் பயந்த பயல்.

தள்ளி உட்கார்ந்ததில் ஒன்று நடந்தது. நான் சுலோசனாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாயங்காலமானால் அவள் முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள், பிறகு மறுபடியும் பிடித்துத் தைத்தாள். இருமல் வந்தால், "உப்பளத்துக் காத்து ஒத்துக்கல" என்பாள். இருமி முடித்த அதே வாயால் குழந்தையை முத்தமிடுவாள். குழந்தைக்குக் கொடுத்த மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காமலே கிடந்தது.

"பச்சப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? என் பாலே போதும்" என்றாள்.

குழந்தையின் கன்னம் வற்றிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் என்னைக் கண்டால் காலை உதைத்துச் சிரிக்கும். இப்போது வெறுமனே பார்த்தது. ராத்திரி பகல் பாராமல் தம்பியைப் பிடுங்கி எடுத்தேன். கடைசியில் ஒரு நாள் சுலோசனா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனைக்குச் சளியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதுவும் என் வாயை அடைக்கத்தான்.

வெயில் ஏறிய நேரம், பாத்தியில் நின்றபோது போன் வந்தது. நர்ஸ் ஆரோக்கியசெல்வி.

"அக்கா, ஒங்க தம்பியும் சுலோசனாவும் போன் எடுக்கல. சுலோசனா சளியில கிருமி இருக்குது, நெறையவே இருக்குது. அந்த ஒடம்பு எதிர்த்து நிக்கவே இல்லக்கா. கொழந்தைய இன்னைக்கே காட்டணும். சுலோசனாவுக்கு மாஸ்க் போட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. பயப்பட வேணாம், மருந்து இருக்குது."

பயப்பட வேண்டாமாம். பலகையைப் போட்டுவிட்டு வரப்பு மேலேயே ஓடினேன். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் எரிந்தது. காற்று அடங்கிப்போய், உப்பளம் முழுக்க என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

சுலோசனா வாசற்படியில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போகப் போக ஒரு சின்ன இருமல் கேட்டது. அவளுடையது இல்லை.

"சுலோசனா, புள்ளைய எங்கிட்ட குடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும், நீயும் கெளம்பு. நோவு ஒனக்குத்தாண்டி இருக்குது."

நீட்டிய என் கையைத்தான் அவள் பார்த்தாள். ஊசி போட்ட இடத்தில் இன்னும் கறுத்த தழும்பு இருந்தது.

"பொய் சொல்றீங்க அண்ணி. புள்ளைய வாங்கறதுக்குத்தான இதெல்லாம்? கிட்ட வராதீங்க."

எழுந்து வீட்டுக்குள் பின்வாங்கினாள். சுவர் முதுகில் இடித்ததும் நின்றாள். என் மூச்சுக்காற்று படக் கூடாது என்று குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்து, முந்தானையால் இருவரையும் மூடிக்கொண்டாள். அந்த முந்தானைக்குள் அவளுக்கு இருமல் வந்தது, நிற்காமல் வந்தது, ஒவ்வொரு இருமலுக்கும் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.