பொன்மான் மேய்ந்த மேடு

புது விளையாட்டுகளைப் பற்றி யாராவது என்னிடம் பேச்செடுத்தால் போதும், என் தம்பி யசென்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். "அக்கா ஆரம்பிச்சிட்டா, காபியை அடுப்புல வைங்கடா" என்பான். ஆரம்பிக்கத்தான் செய்வேன். எனக்கு என்ன பயம்? காகித ஆலையில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் பகல் முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு வந்து, கணவனும் இல்லாத, பூனையும் இல்லாத வீட்டில் நான் விளையாடிய அளவுக்கு இந்த ஊரில் எந்த ஆம்பிளையும் விளையாடியதில்லை.

டெட்ரிஸ்தான் என் கணக்கில் உலகத்திலேயே யோக்கியமான விளையாட்டு. ஜெயிப்பாய் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். எங்கள் ஊரில் போர் நடந்த குளிர்காலத்தில், அப்பா காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுவந்து, எதையெதையோ கூட்டிக் குறைத்துப் பழைய கம்ப்யூட்டரை அதில் மாட்டிக் கொடுத்தார். கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறும்வரை அது ஊளையிடும். வெளியே வேறொன்று ஊளையிடும். கேசட் பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. மூன்று உயிர் போனாலும் முதலிலிருந்து. அப்படி வளர்ந்தவளுக்கு இன்றைய விளையாட்டுகள் எப்படிப் பிடிக்கும்? எட்டு அடிக்கு ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்கிறது. செத்தால் செத்த இடத்திலேயே எழுப்பி விடுகிறது. போகவேண்டிய திசைக்குத் தலைக்கு மேலே அம்புக்குறி வேறு. வாழைப்பழத்தை உரித்து, வாயில் வைத்து, தாடையையும் ஆட்டிவிடுகிறார்கள்.

துப்பாக்கி விளையாட்டுகளை நான் தொடுவதில்லை. ஒழுக்கம் கிழுக்கம் ஒன்றும் இல்லை, சத்தம் பொய். அவற்றில் குண்டு சீறிக்கொண்டே வந்து உன்மேல் விழும். சீறுவது காதில் கேட்டுவிட்டால் அது உனக்கானது இல்லை என்று எங்கள் தெருவில் அன்றைக்குப் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்று உண்டு, அலுவலகக் கம்ப்யூட்டர்களோடு இலவசமாக வந்த அந்தக் கண்ணிவெடிக் கட்டம். ஒரு கட்டத்தைத் திறந்தால் ஓர் எண் வரும். சுற்றியுள்ள கட்டங்களில் எத்தனை வெடி இருக்கிறது என்று அந்த எண் சொல்லும். எங்கள் ஆலையில் அதை யாரும் திறக்கமாட்டார்கள். நான் திறந்தேன். நன்றாகவே ஆடினேன். என் குறை ஒன்றுதான்: சில சமயம் கடைசியில் இரண்டு கட்டங்கள் மிஞ்சும், எந்த எண்ணும் உதவாது, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட வேண்டியதுதான். அவ்வளவு நேரம் மூளையை வேலை வாங்கிவிட்டு முடிவில் கையை விரிப்பதை நான் மன்னிக்கவே இல்லை.

யசென்கோ எதையும் முடித்தவனில்லை. சின்ன வயதில் டெட்ரிஸ் கட்டை மெதுவாக இறங்குகிறது என்று தாங்க முடியாமல் எழுந்து ஓடுவான். அவனும் அவன் கூட்டாளி மிராலெமும் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு விளையாட்டுக் கூடம் நடத்துகிறார்கள். பெரிய திரைகள், தேய்ந்த சோபாக்கள். நடுத் திரைக்கு மேலே சிவப்புத் தகடு ஒன்று மாட்டியிருக்கும்: மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு, "மினே", அதாவது கண்ணிவெடி, என்று வெள்ளை எழுத்து. வெகு நாளைக்கு முன் மிராலெம் கொண்டுவந்தான். பழைய இரும்புக்காரனிடம் வாங்கினேன் என்றான். துப்பாக்கி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் அதன் கீழே நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் ஒருமுறை எடுத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கீரைப் பிட்டா சுட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். காலையிலிருந்தே மூடுபனி விலகவில்லை. தம்பியைக் காணோம். மிராலெம் மட்டும் சோபாவில் கிடந்தான்.

"எங்கடா அவன்?"

"வேட்டைக்குப் போயிருக்கான். இந்த வாரம் பொன்மான் வந்திருக்காம்."

விளக்கு வேட்டை என்று கைபேசியில் ஒரு விளையாட்டு. வீட்டைவிட்டு வெளியே நடந்து ஆட வேண்டும். வரைபடத்தில் ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்ன விளக்காகத் தெரிவார்கள். ஆங்காங்கே பெட்டி, பறவை, மான் என்று ஏதாவது மின்னும். பக்கத்தில் போனால் பிடிக்கலாம். எங்கோ கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவன் எங்கள் மலைமேல் மானை மேயவிடுகிறான்.

"கழுதை வயசாச்சு, இன்னும் மான் பின்னாடி ஓடுறான்," என்றேன். "அந்தக் கண்றாவியெல்லாம் ஒரு விளையாட்டாடா? தோக்கவே முடியாத ஆட்டத்துல ஜெயிச்சா என்ன, ஜெயிக்காட்டி என்ன?"

"உனக்குப் பொறாமைக்கா. உன் ஆட்டத்துல எல்லாம் உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. இதுல நடக்குறான், நல்ல காத்து வாங்குறான்."

"கால் நடக்கும். கண்ணு போன்லதான் கிடக்கும். குழியில விழுந்தாத்தான் தெரியும்."

"பிட்டாவைக் குடு, சாபம் விடாத."

அப்போது என் கைபேசியில் படம் ஒன்று வந்தது. யசென்கோ அனுப்பியிருந்தான். பனிக்குள் ஒரு பாழடைந்த கல் நீரூற்று, அதன் பக்கத்தில் ஒரு வெறும் இரும்புக் கம்பம். கீழே எழுதியிருந்தான்: "ஊற்றைத் தாண்டிட்டேன். மான் இன்னும் கொஞ்சம் உள்ளே."

சிரித்துக்கொண்டே மிராலெமிடம் காட்டினேன். அவன் வாயில் பிட்டா. மெல்லுவது நின்றது. கைபேசியை வாங்கி, கம்பத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கம்பத்தின் தலையில் தகடு மாட்டும் ஓட்டைகள் இரண்டு தெரிந்தன. பிறகு அவன் கண் மெல்ல மேலே போனது, நடுத் திரைக்கு மேலே, சுவருக்கு.

நானும் பார்த்தேன். அதே இரண்டு ஓட்டை.

"பழைய இரும்புக்காரன்கிட்ட வாங்கினேன்னுதானடா சொன்ன?"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"மிராலெம்!"

"யெலோவா மேட்டுலதான்... அந்த ஊத்துப் பக்கத்துலதான் அக்கா. விறகுக்குப் போனப்ப, ஒரு பந்தயத்துக்காக..."

அவனை அறையக்கூட நேரம் இல்லை. தம்பியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் அவன் ஒரு எட்டு வைக்கிறான் என்று தோன்றியது.

"சொல்லுக்கா, மானைப் பாத்துட்டேன், இதோ..."

"நில்லு."

"என்ன?"

"காலைத் தூக்காத. அப்படியே நில்லு."

"பழைய விளையாட்டுப் பாடமா? அப்புறம் எடு, சார்ஜ் வேற இல்ல."

"யசென்கோ, நம்ம சுவத்துல தொங்குற தகடு அந்தக் கம்பத்துல இருந்து கழட்டினது. மிராலெம் கழட்டினான். நீ உள்ள நிக்கிற."

 சின்ன வயதில் நிலவறையில் பேசுவானே, அந்தக் குரலில் பேசினான்.

"கம்பம் வெறுமையா இருந்துச்சுக்கா. சுத்தம் பண்ணி முடிச்சு, தகட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தகடு இருந்தால் தார்ச்சாலையை விட்டு இறங்கமாட்டோம்; தகடு போய்விட்டால் ஆள் வந்து தோண்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். எழுத்துக்கு முன்பே எங்களுக்குப் பழக்கிய பாடம் அது.

"புல்லுல நிக்கிறேன். வந்த தடம் தெரியல."

"தேட வேணாம். திரும்பக்கூடத் திரும்பாத. ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன். நிக்கிறது மட்டும்தான் உன் வேலை. கேக்குதாடா?"

"அக்கா..."

அதோடு பேச்சு அறுந்தது. மறுபடி அழைத்தேன். அந்த எண் அணைந்திருக்கிறது என்றாள் ஒருத்தி, தேன் ஒழுகும் குரலில்.

மிராலெம் மீட்புத் துறைக்குப் போன் செய்து அழுதுகொண்டே இடத்தைச் சொன்னான். நான் நாற்காலி மேல் ஏறி அந்தத் தகட்டைப் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. அது இனி ஒரு நொடிகூட அந்தச் சுவரில் இருக்கக்கூடாது என்று தோன்றியது.

காரை மிராலெம் ஓட்டினான். நான் வழியிலேயே அந்த விளக்கு வேட்டையை என் கைபேசியில் ஏற்றினேன். அது என்னை வரவேற்றது, தொப்பி போட்ட பொம்மை ஒன்று ஆடிப் பாடியது, எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அழுத்தினேன். வரைபடம் வந்தது. யெலோவா மேட்டில் மஞ்சளாக ஒரு மான். அதற்குக் கொஞ்சம் இப்பால் ஒரே ஒரு விளக்கு. கீழே அவன் பெயர்.

உயிர் வந்தது என்று நினைத்தேன். அடுத்த நொடியே புரிந்தது. அவன் கைபேசி செத்துவிட்டது. அது கடைசியாக இருந்த இடத்தைத்தான் இது காட்டுகிறது. அவன் நின்றாலும் விளக்கு அங்கேதான் இருக்கும். அவன் இல்லாமலே போனாலும் அங்கேதான் இருக்கும்.

தார்ச்சாலை முடியும் இடத்தில் இறங்கினோம். பனிக்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "யசென்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலேயிருந்து, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், "ஊய்!" என்று ஒரு குரல் வந்தது. மறுபடி கத்தினேன். காற்று கிளம்பிவிட்டது. இப்போது எதுவும் வரவில்லை.

கையில் கைபேசி அதிர்ந்தது. "யசென்கோ உனக்காகக் காத்திருக்கிறான்! அவனிடம் நடந்து போ, இரண்டு மடங்கு பரிசு!" என்று எழுதியிருந்தது. கூடவே ஓர் அம்புக்குறி. தார்ச்சாலையைத் தாண்டி, நேராகப் புல்லுக்குள்.

நான் ஆடிய எத்தனை ஆட்டங்களை நினைத்துப் பார்த்தாலும், சும்மா நிற்கிறவனுக்கு வெற்றி கொடுத்தது ஒன்றுகூட இல்லை. பழையது, புதியது, எல்லாமே நின்றால் கொன்றுவிடும். எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஓடத்தான் பழக்கியிருந்தன. இவனோ கட்டை இறங்கும்வரைகூடப் பொறுக்காதவன். இவன் எப்படி நிற்பான் என்று நினைத்து நினைத்து நான் செத்தேன்.

மிராலெம் தகட்டைத் தூக்கிக்கொண்டு புல் ஓரத்துக்குப் போனான்.

"நான் போறேங்க்கா. அன்னிக்கு நடந்து போய் நடந்து வந்தவன்தான நான். வழி தெரியும்."

"வழியா? எத்தனை மழை பெஞ்சு எத்தனை மண்ணு சரிஞ்சிருக்கு? அது வழி இல்லடா, உனக்கு அன்னிக்கு இருந்த அதிர்ஷ்டம்."

"விடுக்கா! நான் செஞ்ச வேலை."

அவன் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான். தையல் பிரிந்தது. "இன்னொருத்தனையும் அந்தப் புல்லுக்குள்ள விட்டுட்டு என்னால நிக்க முடியாதுடா" என்று கத்திவிட்டு அவன் முதுகில் நெற்றியை வைத்து அழுதேன். அப்படியே நின்றோம், வண்டிச் சத்தம் கேட்கும்வரை.

கண்ணிவெடி அகற்றும் குழுவின் தலைவர் ஸ்டிபோ, நரைத்த மீசை, அவசரமே இல்லாத மனுஷர். ஒரு வார்த்தை திட்டவில்லை. கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு, முகக்கவசத்தை இறக்கி, இரண்டு ஆட்களோடு தரையைத் தடவித் தடவி உள்ளே போனார். வெள்ளை நாடா ஒன்று அவர்களுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போனது. நான் அந்த நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரும்போது மூச்சு விட்டேன். நிற்கும்போது நானும் நிறுத்தினேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். நடுவில் என் தம்பி. கால்சட்டை நனைந்திருந்தது, உதடு நீலமாக இருந்தது. தார்ச்சாலையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நின்னேன்க்கா," என்றான். "மூக்கு அரிச்சுச்சு, சொறியக்கூட இல்ல."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடிக்கவும் அடித்தேன்.

ஸ்டிபோ முகக்கவசத்தை ஏற்றினார். தரையில் கிடந்த தகட்டைக் காலால் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒண்ணு. மீதி எங்க தம்பி?"

"நான் ஒண்ணுதான் எடுத்தேன் ஐயா. சத்தியமா," என்றான் மிராலெம். "நான் வந்தப்பவே பாதிக் கம்பம் வெறுமையாத்தான் இருந்துச்சு."

"இப்போ மேடு முழுக்க வெறுமையா இருக்கு."

அந்தத் தகடுகள் தொங்கும் இடங்கள் எனக்கு ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஆற்றங்கரைக் காபிக் கடையின் கழிப்பறைக் கதவு. பக்கத்து வீட்டுக்காரனின் கார் கொட்டகை. ஆஸ்திரியாவில் வேலை பார்க்கும் சித்தி மகனின் வரவேற்பறை, அவன் அதற்கு விளக்கு வேறு போட்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். சிரித்திருக்கிறேன்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அந்த எழவை அழித்துவிடலாம் என்று எடுத்தேன். பொன்மான் இன்னும் அங்கேயே மின்னிக்கொண்டிருந்தது. மேட்டின் அந்தப் பக்கம், அடுத்த ஊர்ச் சாலையிலிருந்து, இரண்டு விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.

"ஐயா," என்று ஸ்டிபோவிடம் நீட்டினேன். அவர் பார்த்தார். தன் ஆட்களிடம் ஏதோ கத்திக்கொண்டு வண்டிக்கு ஓடினார், அவசரமே இல்லாத அந்த மனுஷர்.

அந்த விளக்குகளுக்கு நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். தொட்டுப் பார்த்தேன். இந்த விளையாட்டில் வாய் கிடையாது. தயாராக வைத்திருக்கும் பொம்மைப் படங்களைத்தான் அனுப்பலாம். கைதட்டல். சிரிப்பு. "சபாஷ்". "வா, வா". "நில்" என்பதற்கு ஒரு படமும் இல்லை.

யசென்கோ எழுந்து நின்றான். மேட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். மிராலெமும் கத்தினான், நானும் கத்தினேன், மூன்று பேர் குரலையும் காற்று வாரிக்கொண்டு போயிற்று. என் உள்ளங்கையில் அந்த இரண்டு விளக்குகளும் மானை நோக்கி நடந்துகொண்டே இருந்தன.