வடக்குப் பக்கத்துக் கிளுவை

காலையிலேயே வருவதாகச் சொன்ன ஜேசிபியைக் காணவில்லை. வராமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தபடி சரிதா பாகல் பந்தலுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

சித்திரையில் அவள் கணவன் கந்தவேல் தெற்குப் பக்கத்துக் கிளுவைச் செடி வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருந்தான். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துப் பந்தலில் பூத்ததெல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தது. வடக்கு வேலியை ஒட்டிய கொடிகளில் மட்டும் காய் தொங்கியது. இன்று அந்த வேலியும் போகப்போகிறது.

"ஏனுங்க, ஒரே வெதை, ஒரே தண்ணி. அங்க காய்க்குது, இங்க காய்க்கல. எல்லாம் வேலியில இருக்கற பூச்சியாலதானுங்க."

"அதுக்குத்தானே புள்ள மருந்தடிக்கறேன்."

"தேனீயச் சொல்றேனுங்க."

"ஓணானப் பார்த்தாலே ஊடு அதிரக் கத்துவ. இப்ப வேலிக்கு வக்கீலா?"

"ஓணான் இருந்துட்டுப் போவட்டும். காய் வேணுமா, வேண்டாமா?"

அதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. ஓட்டுநர் இளவழகன் இறங்கக்கூட இல்லை. "அண்ணா, மல்லசமுத்திரத்துல ஒரு கோழிப்பண்ணை வேலையும் கெடக்குது. எங்கிருந்துங்க?"

கந்தவேல் கை காட்டினான். முதல் கிளுவை வேரோடு மேலே வந்தது. அதன் கொம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேனடை. ஈக்கள் புகைபோல எழும்பின. இளவழகன் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு குதித்தோடினான்.

"அக்கா, மொதல்லயே சொல்லியிருந்தா கோழிப்பண்ணை வேலைக்காச்சும் போயிருப்பேன்!"

காதில் கொட்டு வாங்கிய கந்தவேல் பந்தலுக்குள் நுழைந்தான். தலைக்கு மேலே மஞ்சள் பூக்களில் வேறு ஈக்கள் எந்தப் பதற்றமும் இல்லாமல் ஏறி இறங்கின. காதைத் தேய்த்தபடியே தெற்குக் கோடிவரை போனான். அங்கே பூ இருந்தது. ஒரு ஈ இல்லை. நின்று பார்த்தான். காலடியில் உதிர்ந்த பிஞ்சுகள் நசுங்கின.

திரும்பி வந்து, "இளவழகா, வண்டியத் திருப்பு" என்றான்.

பிடுங்கிப்போட்ட கிளுவையில் தேனடை இருந்த கொம்பை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சரிதா அரிவாளால் போத்துப் போத்தாக வெட்டினாள், தெற்குக் கம்பியோரம் நட.

"அது தழைஞ்சு வேலியாக வருசக்கணக்கா ஆவும் புள்ள."

"ஆவட்டும். கடப்பாரைய எடுத்துட்டு வாங்க."

கலைந்த ஈக்கள் பிடுங்கிய குழிக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. இருக்குமா, போய்விடுமா என்று இருவருக்கும் தெரியவில்லை.