தொலையாத நச்சு

"நாட்டிலுள்ள மழைக்கோட்டுகளையெல்லாம் ஒற்றை வார்த்தையால் கழற்றிப் போட்டவன் நான்" என்று ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் சொன்னால், கேட்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். அவருடைய மைத்துனர் மட்டும் முகத்துக்கு நேராகவே சிரிப்பார். குடை, மழைக்கோட்டுக் கடை வைத்திருப்பவர். சிரிக்க உரிமை உண்டு.

"அத்தான், என் கடையில தொங்குற கோட்டுல ஒரே ஒரு பட்டனைக் கழட்டிக் காட்டுங்க, பார்ப்போம்!"

விஷயம் இதுதான். கோட்டில் தண்ணீர் ஒட்டாமலிருக்க ஒரு ரசாயனப் பூச்சு போடுகிறார்கள். துவைக்கத் துவைக்க அது கழன்று ஆற்றுக்குப் போகும். மண்ணில் மக்காது, உடம்புக்குள் புகுந்தால் லேசில் வெளியேறாது. அதைத் தடைசெய்யும் வரைவு விதியை எழுதியவள் மொழிபெயர்ப்பாளரின் மகள், ரசாயனக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரி. ஆறு வருட உழைப்பு. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டால், வந்த கடிதம் அத்தனையும் எதிர்ப்பு. மறுநாள் நேரடிக் கூட்டம். அங்கேயும் இதே கதையென்றால் கோப்பை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

மகள் முகத்தைத் தொங்கப்போட்டபடி கடிதங்களை மேசையில் கொட்டினாள். அவர் ஒன்றை எடுத்துப் படித்தார். 'நிலையான பொருளுக்கு விருதல்லவா கொடுக்க வேண்டும்? தடையா?'

"தமிழ் வரைவுல, மக்காம தங்கிடும்னு சொல்ல வேண்டிய இடத்துல 'நிலையான வேதிப்பொருள்'னு இருக்குப்பா. நிலையான வேலை, நிலையான வருமானம் மாதிரி நல்லதுன்னு நெனச்சுட்டாங்க. மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ!"

புண்ணியவான் கையிலிருந்த கடிதத்தை மெல்ல மடித்து வைத்தார். ஓய்வுபெறும் வாரத்தில், பிரிவுபசார விழாவில் என்ன பேசுவது என்ற கவலையில், அவசரமாகத் தள்ளிவிட்ட கோப்பு அது.

"நான்தாம்மா."

மகள் கடிதக் குவியலை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள். அவர் கணக்கில் அது ஒரு மலை.

மறுநாள் மண்டபத்தில் லட்சம் பேர் இருந்ததாகச் சொல்வார், நாற்காலிகள் இருநூறு. வெளியே கொட்டுகிற மழை. கோட்டுக் கம்பெனிக்காரர் எழுந்து, "அரசாங்கமே எங்க பூச்சு நிலையானதுன்னு எழுதியிருக்கு" என்றதும் கைதட்டல் பறந்தது. மொழிபெயர்ப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அந்த வார்த்தை என் தப்புங்க. என் மச்சினன் ரெண்டு நாள்னு வந்து ரெண்டு மாசம் எங்க வீட்டுல உக்காந்திருந்தான். அவனை நிலையான விருந்தாளின்னா சொன்னோம்? அவனோட சொந்த அக்காவே, 'இது எப்பதாங்க தொலையும்?'னு கேட்டா. ஆனா அவன்கூட ஒருநாள் கிளம்பிட்டான். இந்தப் பூச்சு ஆத்துக்குப் போனாலும் தொலையாது, உங்க பிள்ளைங்க ரத்தத்துக்குப் போனாலும் தொலையாது. இது நிலையான பொருள் இல்லீங்க, தொலையாத நச்சு!"

முதலில் வெடிச்சிரிப்பு. அப்புறம் 'ரத்தம்' என்பது உள்ளே இறங்கியது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் மடியிலிருந்த குழந்தையின் கோட்டைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் போட்டார். பின்னால் இன்னொருவர், இன்னும் நாலுபேர். (இந்த இடத்தில் அவர் இடி மின்னலும் சேர்த்துக்கொள்வார்.) எதிர்த்து எழுதியவர்களே அந்த வாரம் ஆதரித்து எழுதினார்கள்.

மைத்துனர் மசியவில்லை. "உங்க வாயில வந்ததை அரசாங்கம் சட்டத்துல போடுமா? விட்டா மழையையே நான்தான் நிறுத்தினேன்னு சொல்வீங்க!"

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் மைத்துனரிடமிருந்து போன்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா அத்தான்?"

"உன் அக்கா, உன் மருமக, எல்லாரும்தான் மாப்ளே."

"அப்ப ஸ்பீக்கர்ல போடாதீங்க."

போட்டார்.

"ஆய்வாளர் வந்திருக்காரு. பழைய சரக்கெல்லாம் கம்பெனி வண்டியில ஏறிட்டிருக்கு. அரசாங்கத் தடை ஆர்டர் என் கையில. முதல் வரியே 'தொலையாத நச்சுப் பொருட்கள்'னுதான் ஆரம்பிக்குது... சரி சரி, யாரும் சிரிக்காதீங்க. நடந்துச்சு. ஒத்துக்கிறேன்."